மணி கட்டிய பிறகு

மார்கழி விடியலில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்த அம்மா, கையில் வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள். கால்மிதியின் மேல் ஒரு தையல்சிட்டு கிடந்தது. பாசிப்பச்சை முதுகு, துரு நிறத்தில் நெற்றி. உயிரோடு இருந்தவரை விறைத்து நின்ற வால் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. ஓர் இறகுகூட உதிரவில்லை. கழுத்தில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி. ஒரு முழம் தள்ளி, முன்னங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எங்கள் பூனை பொட்டு.

"உன்னைப் பட்டினியா போட்டோம்? ராத்திரி வெச்ச பால்சோத்துல பாதிய மிச்சம் வெச்சியேடி" என்று அம்மா அதனிடமே கேட்டாள். பொட்டு தலையை உதறியது. கழுத்தில் மணி கிணுகிணுத்தது.

ஆமாம், மணி. இரண்டு மாதத்துக்கு முன் ஓர் அணில்பிள்ளை இதே கால்மிதிக்கு வந்து சேர்ந்தபோது, அம்மாவே கடைக்குப் போய்ச் சின்னச் சலங்கை மணி ஒன்றை வாங்கி, சிவப்பு நாடாவில் கோத்துக் கட்டிவிட்டிருந்தாள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஊரே கேட்கிற கேள்விக்கு எங்கள் வீட்டில் விடை இருந்தது. ஆனால் பழமொழி அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. கட்டிய பிறகு என்ன நடக்கும் என்று அது சொல்வதில்லை.

வளர்ப்புப் பூனையை வெளியே விடலாமா என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வெளியால் பூனைக்கு ஆபத்தா? பூனையால் வெளிக்கு ஆபத்தா? இரண்டுக்கும் நியாயமாக விடை தேட வேண்டுமென்றால், முதலில் அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வயிறு நிறைந்த பூனை ஏன் கொல்கிறது?

பசி வேறு, வேட்டை வேறு

1976இல் வெளியான ஓர் ஆய்வில், பூனைகளுக்கு மிகவும் பிடித்த மீன் உணவைத் தட்டில் வைத்து, அவை ரசித்துத் தின்றுகொண்டிருக்கும்போதே சற்றுத் தள்ளி உயிருள்ள எலி ஒன்றை விட்டார்கள். பூனைகள் தட்டை விட்டு எழுந்து போய் எலியைக் கொன்றன. பிறகு செய்ததுதான் வேடிக்கை. எலியைக் கவ்விக்கொண்டு வந்து தட்டின் பக்கத்தில் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து மீனைத் தின்னத் தொடங்கின.

இதில் கொடூரமும் இல்லை, பேராசையும் இல்லை, இருப்பது கணக்கு. ஒரு சுண்டெலியில் ஏறக்குறைய 30 கலோரி இருக்கும். நான்கு கிலோ எடையுள்ள பூனை ஒரு நாளைத் தள்ளுவதற்கு அப்படி எட்டுப் பத்துச் சுண்டெலிகள் வேண்டும். பாய்கிற பாய்ச்சலெல்லாம் பலிப்பதுமில்லை. வயிறு காய்ந்த பிறகு இரை தேடலாம் என்று காத்திருந்த பூனை, தேடுவதற்குள் சோர்ந்து போயிருக்கும். எனவே பரிணாமம் பூனையின் வேட்டையை வயிற்றோடு கட்டிப்போடவில்லை. கண்ணோடும் காதோடும் கட்டியது. புல்லுக்குள் சரசரப்பு, சிறகின் படபடப்பு, மனிதக் காதுக்கு எட்டாத எலிக்குஞ்சின் கீச்சொலி. நமக்கு 20 கிலோஹெர்ட்ஸோடு கேட்பது முடிந்துவிடுகிறது. பூனைக்கு அது 85 கிலோஹெர்ட்ஸ்வரை போகிறது. உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, பாய்வது, கவ்வுவது, பிடரியைக் கடிப்பது என்று ஒவ்வொரு படியும் அதனதன் அளவில் பூனைக்கு இன்பம். தின்பது இந்த வரிசையில் கடைசி. பல நேரங்களில் அது நடப்பதே இல்லை. மூஞ்சூறைக் கொன்ற பூனை அதன் நாற்றம் பொறுக்காமல் முற்றத்திலேயே போட்டுவிட்டுப் போவதைப் பார்க்காத வீடு உண்டா?

ஆனாலும் அம்மாவின் கேள்வியில் ஒரு பாதி உண்மை இருந்தது. பொட்டு பட்டினி கிடக்கவில்லை. ஆனால் அதற்கு வேண்டியது தட்டில் இருந்ததா? பூனை இறைச்சியை நம்பியே பிழைக்கும் விலங்கு. டாரின் என்ற ஒரு பொருளை நம் உடலே தயாரித்துக்கொள்கிறது. பூனையின் உடலால் தேவையான அளவு தயாரிக்க முடியாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் அது வர வேண்டும். டாரின் குறைந்தால் விழித்திரை கெடும். இதயத் தசை தளர்ந்து பூனை இறந்துபோவதற்கும் அந்தக் குறையே காரணம் என்று 1987இல் கண்டுபிடித்தார்கள். பால்சோற்றில் டாரின் பெயருக்குத்தான் இருக்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதும் இல்லை. நாம் பாசத்தோடு வைத்த தட்டு பூனையின் கணக்கில் பாதி காலி.

கதவு போடாத உறவு

மாட்டையும் ஆட்டையும் மனிதன் பிடித்துவந்து பழக்கினான். பூனை தானாக வந்தது. மேற்கு ஆசியாவில் மனிதர்கள் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கியபோது எலிகள் வந்தன. எலிகளின் பின்னால் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறை ஒன்றில் மனித எலும்புக்கூட்டுக்கு 40 சென்டிமீட்டர் தள்ளி ஒரு பூனையின் எலும்புக்கூடு கிடைத்ததை 2004இல் அறிவித்தார்கள். அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை கிடையாது. யாரோ படகில் கொண்டுபோயிருக்க வேண்டும்.

தமிழிலும் இந்த அரைகுறை உறவுக்குப் பழைய சாட்சி உண்டு. குறுந்தொகையில் ஒரு தலைவி, விடியலில் கூவித் தன் உறக்கத்தைக் கெடுத்த சேவலைச் சபிக்கிறாள்: நள்ளிரவில் வீட்டெலியைப் பார்த்துக் காத்திருக்கும் வெருகின் பிள்ளைக்கு நீ இரையாகிப் போ என்று. வெருகு என்பது காட்டுப்பூனை. ஆனால் அது காத்திருப்பது வீட்டெலிக்கு. காடும் வீடும் ஒரே விலங்கிடம் கைகுலுக்கும் இடம் அது.

அந்தக் கைகுலுக்கலில் கதவு என்பதே இல்லை. எலிக்காக வந்தது, எலி பிடித்தது, வேண்டும்போது போனது. பூனையை முழுநேரமும் வீட்டுக்குள் வைத்திருக்கலாம் என்ற எண்ணத்துக்கு வயது நூறுகூட ஆகவில்லை. 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவரிடம் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர், பூனையின் மலத்தொட்டிக்குச் சாம்பலுக்குப் பதிலாக வேறு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். அவர் எண்ணெய்க் கசிவை உறிஞ்சப் பயன்படும் களிமண் குருணையைக் கொடுத்தார். நாற்றத்தை அடக்கும் அந்தக் குருணையும், குளிர்சாதனப் பெட்டியும், கருத்தடை அறுவை சிகிச்சையும் சேர்ந்துதான் அடுக்குமாடிப் பூனை என்ற புதுப் பிறவியை உண்டாக்கின. "பூனைன்னா வெளிய போகத்தான் செய்யும்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வது அறியாமை இல்லை. ஒன்பதாயிரம் ஆண்டு வழக்கம். வழக்கம் பழையது என்பதற்காக ஊரும் பழையபடியே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மதிலுக்கு அந்தப் பக்கம்

நம் கண்ணிலிருந்து மறைந்த பூனை எங்கே போகிறது? ஜிபிஎஸ் கருவி சிறுத்துக் கழுத்துப்பட்டியில் அடங்கியதும் இதற்கு விடை கிடைத்தது. ஆறு நாடுகளில் 925 வளர்ப்புப் பூனைகளைப் பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வு, பெரும்பாலானவை வீட்டிலிருந்து 100 மீட்டர் தொலைவைத் தாண்டவே இல்லை என்று காட்டியது. ஊர் சுற்றி என்று நாம் பேர் வைத்த விலங்கு, தெருமுனைக்குள்தான் சுற்றுகிறது.

நல்ல செய்தியாகத் தோன்றும் இந்த இடத்தில்தான் சிக்கலும் இருக்கிறது. காட்டில் வேட்டை விலங்கின் எண்ணிக்கையை இரை கட்டுப்படுத்தும். முயல் குறைந்தால் நரி பட்டினி கிடக்கும், குட்டி குறையும், முயல் மீளும். வளர்ப்புப் பூனைக்கு இந்தக் கடிவாளம் இல்லை. தெருவில் ஓர் ஓணான்கூட மிஞ்சாவிட்டாலும் மாலையில் தட்டு நிறையும். ஆகவே ஒரு காட்டுப்பூனை பல சதுர கிலோமீட்டர் பரப்பில் செய்யும் வேட்டையை, பத்து வீட்டுப் பூனைகள் ஒரே தெருவுக்குள் செய்கின்றன. அந்தச் சிறு வட்டத்துக்குள் அவை ஏற்படுத்தும் பாதிப்பு, அதே அளவுள்ள காட்டு வேட்டை விலங்கு ஏற்படுத்துவதைப் போல 4 முதல் 10 மடங்கு என்று அதே ஆய்வு கணக்கிட்டது.

"எங்க பூனை மாசத்துக்கு ஒண்ணோ ரெண்டோ கொண்டாரும், அவ்ளோதான்" என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 55 வளர்ப்புப் பூனைகளின் கழுத்தில் சிறு கேமராவை மாட்டி அனுப்பினார்கள். வேட்டையாடியவை 44 விழுக்காடு. பிடித்ததில் வீடு வந்து சேர்ந்தது கால்பங்குக்கும் குறைவு, 23 விழுக்காடு. ஏறக்குறைய பாதியைப் பிடித்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போயிருந்தன. எங்கள் கால்மிதியில் கிடந்த தையல்சிட்டு ஒன்று என்றால், மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னும் மூன்று செத்திருக்கலாம்.

அதே கேமராக்கள் பூனையின் பக்கத்தையும் காட்டின. 45 விழுக்காடு பூனைகள் சாலையைக் கடந்தன. கால்பங்கு வேற்றுப் பூனைகளை எதிர்கொண்டன. கால்பங்கு வீட்டுக்கு வெளியே எதையோ தின்றன, குடித்தன. ஐந்தில் ஒன்று மழைநீர் வடிகாலுக்குள் புகுந்து வெளிவந்தது.

ஒரு பூனையின் கதையும் ஒரு தீவின் கதையும்

பூனையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்போதெல்லாம் சொல்லப்படும் கதை, நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவுக் கதை. 1894இல் அங்கே புதிய கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது. உதவிக் காவலர் டேவிட் லயால் வீட்டுப் பூனை, அதுவரை அறிவியல் அறியாத, பறக்கத் தெரியாத ஒரு சின்னக் குருவியைக் கொண்டுவந்து போட்டது. இனத்தைக் கண்டுபிடித்ததும் அந்தப் பூனை, அழித்ததும் அதே பூனை என்று கதை முடியும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தவறு. தீவில் பல பூனைகள் பெருகியிருந்தன. அவற்றை ஒழிக்க 1925 ஆயிற்று. அந்தக் குருவியும் ஒருகாலத்தில் நியூசிலாந்தின் பெருநிலம் முழுக்க வாழ்ந்ததுதான். மனிதரோடு வந்த எலிகள் அங்கே அதை முடித்துவிட, கடைசிப் புகலிடமாக எஞ்சியது அந்தத் தீவு. தனியொரு பூனை மேல் பழி போடும் கதை, அதைப் படகில் ஏற்றிவந்த கைகளை மறைத்துவிடுகிறது.

இதைவிடப் பாடம் நிறைந்தது மாரியன் தீவின் கதை. தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான அந்தக் குளிர்த்தீவின் ஆய்வு நிலையத்துக்குச் சுண்டெலித் தொல்லை. 1949வாக்கில் ஐந்து பூனைகளைக் கொண்டுபோனார்கள். 1977க்குள் அவை ஏறக்குறைய 3,400 ஆயின. ஆண்டுக்கு நாலரை லட்சம் கடற்பறவைகளைத் தின்றன. பூனைக் கொள்ளைநோய்க் கிருமியைப் பரப்பியும், சுட்டும், பொறி வைத்தும் 1991இல்தான் கடைசிப் பூனையை ஒழித்தார்கள். கதை அங்கேயும் முடியவில்லை. பூனை போய், தீவின் வெப்பமும் கூட, சுண்டெலிகள் பெருகின. இன்று அவை அல்பட்ராஸ் குஞ்சுகளைக் கூட்டில் வைத்தே உயிரோடு கொறித்துத் தின்கின்றன. கொண்டுவந்தவர்களுக்கு வந்த நாளில் எல்லாம் எளிதாகத்தான் தெரிந்தது.

தீவு வேறு, பெருநிலம் வேறு. அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகளைக் கொல்வதாக 2013இல் ஒரு மதிப்பீடு வந்து உலகம் முழுவதும் பேசப்பட்டது. அதில் பெரும்பங்கு உரிமையாளர் இல்லாத தெருப் பூனைகளுடையது. பிரிட்டனில் பூனைகள் ஒரு வசந்தமும் கோடையும் சேர்ந்த ஐந்து மாதங்களில் 2.7 கோடிப் பறவைகளை வீட்டுக்குக் கொண்டுவருவதாகக் கணக்கிட்டார்கள். ஆனாலும் அந்நாட்டின் முதன்மையான பறவைப் பாதுகாப்புச் சங்கம், தோட்டப் பறவைகளின் எண்ணிக்கை குறையப் பூனைதான் காரணம் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்ற நிலையையே எடுத்துவந்திருக்கிறது. கொல்லப்பட்ட எண்ணிக்கை ஒன்று. அதனால் இனம் குறைகிறதா என்பது இன்னொன்று. பூனை கொல்லாவிட்டாலும் குளிரிலோ பசியிலோ செத்திருக்கும் பறவைகள் அந்தக் கணக்கில் எத்தனை என்பதே வாதம். ஏற்கெனவே அருகிப்போன இனம் ஒன்று பக்கத்தில் கூடு கட்டும் ஊரில் இந்த வாதத்துக்கு இடமில்லை. ஜெர்மனியின் வால்டோர்ஃப் நகரத்தில் 2022இல், தரையில் கூடு கட்டும் கொண்டை வானம்பாடிகளைக் காப்பாற்ற, ஒரு பகுதியில் இருந்த பூனைகளை ஆகஸ்ட் முடியும்வரை வீட்டுக்குள்ளேயே வைக்க உத்தரவிட்டார்கள். மீறினால் 500 யூரோ தண்டம். பூனை ஒரு வானம்பாடியைக் கொன்றால் 50,000 யூரோவரை. ஆஸ்திரேலியத் தலைநகரான கான்பரா அமைந்த ஆட்சிப்பகுதியில் 2022 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எந்தப் பூனையையும் வெளியே உலவ விடக் கூடாது.

பூனையின் பக்கம்

பறவைக்காக இல்லாவிட்டாலும் பூனைக்காகவாவது யோசிக்க வேண்டும். இங்கிலாந்தின் கால்நடை மருத்துவமனைகளில் சேர்ந்த பதிவுகளை ஆராய்ந்தபோது, ஐந்து வயதுக்குள் இறந்த பூனைகளில் ஏறக்குறைய பாதி காயத்தால் இறந்திருந்தன. அதில் பெரும்பகுதி சாலை விபத்து. நம் தெருக்களில் வண்டியோடு நாய்க்கூட்டமும் சேரும். மழை நாளில் சூடு தேடிக் காரின் பானட்டுக்குள் படுத்த பூனை, காலையில் சாவி திரும்பும்போதுதான் விழிக்கும். வண்டியை எடுக்கும் முன் பானட்டை இரண்டு தட்டுத் தட்டுவது ஓர் உயிரின் விலை.

கடுவன் பூனைகள் எல்லைக்காகச் சண்டையிடும். கடிக்காயம் வழியே பரவும் பூனை எயிட்ஸ் கிருமியை 1986இல் கலிஃபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள். அது பூனைகளை மட்டுமே தொற்றும். எலிக்கு வைக்கும் கேக்கில் ரத்தம் உறையாமல் செய்யும் நஞ்சு இருக்கிறது. அதைத் தின்ற எலி உடனே சாவதில்லை. இரண்டு மூன்று நாள் தள்ளாடித் திரிகிறது. தள்ளாடும் எலியைவிடப் பூனைக்கு எளிய இரை ஏது?

வெறிநோய் நாயோடு நின்றுவிடுவதில்லை. வெறிநாய் கடித்த பூனையிடமிருந்து அது நமக்கும் வரும். தெருவுக்குப் போய்வரும் பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போக வேண்டும். "நம்ம பூனைதானே" என்ற சொல் இந்த ஒரு விஷயத்தில் உதவாது.

டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியையும் சொல்லியாக வேண்டும். அது பாலினப்பெருக்கம் செய்வது பூனைக் குடும்பத்து விலங்குகளின் குடலில் மட்டும். தொற்றிய எலிக்குப் பூனை நாற்றத்தின் மேலிருந்த பயமே போய்விடுவதை ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். கலிஃபோர்னியக் கரையோரத்தில், நிலத்திலிருந்து மழைநீரோடு கடலுக்குப் போன இதே ஒட்டுண்ணியால் கடல் நீர்நாய்கள் செத்திருக்கின்றன. வீட்டில் ஒரு பெண் கருவுற்றதும் "முதல்ல பூனையைக் கொண்டுபோய் விடு" என்று பெரியவர்கள் சொல்வதன் பின்னால் இருப்பது இந்தப் பயம்தான். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பூனை பெரும்பாலும் முதல் முறை தொற்றும்போது, சில வாரங்களுக்கு மட்டுமே முட்டைகளை வெளியேற்றும். வெளியேறிய முட்டை நோய் தரும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். தொட்டியை அன்றன்றைக்கு வேறொருவர் சுத்தம் செய்தால் போதும். எலி பிடிக்காத, பச்சை இறைச்சி தின்னாத வீட்டுப் பூனைக்கு அந்தத் தொற்று வருவதே அரிது.

உள்ளே மட்டும் என்ன வாழ்கிறது?

இத்தனையும் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். சாத்திய கதவுக்குள்ளும் ஆபத்து உண்டு. நியூயார்க்கில் 1984இல் ஐந்தே மாதங்களில் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகள் ஒரே மருத்துவமனைக்கு வந்தன. சிகிச்சை பெற்றவற்றில் 90 விழுக்காடு பிழைத்தன. ஏழு மாடிக்கு மேலிருந்து விழுந்தவற்றுக்குக் காயம் குறைவாக இருந்தது என்பதைப் பிடித்துக்கொண்டு, உயரம் கூடினால் பூனைக்கு நல்லது என்று எழுதியவர்களும் உண்டு. தரையிலேயே செத்த பூனையை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். அடுக்குமாடி பால்கனிகளில் புறா வராமலிருக்க அடிக்கும் வலை, பூனை விழாமலிருக்கவும் உதவும்.

பூ கட்டும் நூலும் தையல் நூலும் இன்னொரு கண்ணி. பூனையின் நாக்கில் உள்ள முட்கள் பின்னோக்கிச் சாய்ந்தவை. வாய்க்குள் போன நூலைத் துப்ப அதற்கு வராது. விழுங்கிய நூல் குடலைச் சுருக்கிக் கிழிக்கும். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. அரை மாத்திரைகூடக் கொல்லலாம். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவினால் வலிப்பு வரும். பூங்கொத்தில் வரும் லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும்.

எல்லாவற்றையும்விட மெதுவாகக் கொல்வது சும்மா இருப்பது. செய்ய ஏதுமின்றி வளைய வரும் பூனை கொழுக்கும். மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பை வீங்கிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழிக்கும் நோய், வீட்டோடு அடைபட்ட பூனைகளில் அதிகம். பூனையை உள்ளே வைத்தோம். வெளியே அது பார்த்துவந்த வேலையை மட்டும் வெளியிலேயே விட்டுவிட்டோம்.

வெளியா, வேலையா

இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 219 வீடுகளில் 355 பூனைகளைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2021இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். எல்லாமே வெளியே போய் வேட்டையாடும் பூனைகள். ஒரு பிரிவுக்கு மணி கட்டினார்கள். தெளிவான பலன் எதுவும் தெரியவில்லை. முந்தைய சில ஆய்வுகளில் மணி ஓரளவு உதவியிருந்தது. பதுங்கிப் பதுங்கி மணி ஒலிக்காமல் நடக்கப் பழகிக்கொள்ளும் பூனைகளும் இருக்கக்கூடும். எங்கள் பொட்டு அந்த ரகம். இன்னொரு பிரிவுக்கு வண்ண வண்ணத் துணிப் பட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். வீடு வந்த பறவைகள் 42 விழுக்காடு குறைந்தன, ஏனென்றால் பறவைகளுக்கு நிறம் நன்றாகத் தெரியும். எலிகள் குறையவில்லை.

வியப்பூட்டியவை வேறு இரண்டு பிரிவுகள். இறைச்சிச் சத்து நிறைந்த, தானியம் சேராத உணவுக்கு மாறிய பூனைகள் 36 விழுக்காடு குறைவாக இரை கொண்டுவந்தன. நாளுக்கு ஐந்து பத்து நிமிடம் வீட்டுக்காரர் விளையாடிய பூனைகள் 25 விழுக்காடு குறைத்தன. கழுத்தில் எதையும் மாட்டவில்லை, கதவையும் சாத்தவில்லை. தட்டில் வேண்டியது இருந்தது. பாய்வதற்கு ஏதோ ஒன்று கிடைத்தது. பூனை கேட்பது வெளியை அல்ல, வெளியில் அதற்குக் கிடைக்கும் வேலையை என்று எனக்குப் புரிந்தது இந்த எண்களைப் பார்த்த பிறகுதான்.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதல் வேலை, பொட்டுக்குக் கருத்தடை. அலைச்சலும் சண்டையும் குறைவதோடு, ஆதரவற்ற குட்டிகள் தெருவில் சேர்வதும் அங்கேயே நிற்கும். ரேபிஸ் ஊசியும் பூனைக் கொள்ளைநோய்க்கான ஊசியும் போட்டோம். நாடாவை அறுத்து எறிந்துவிட்டு, இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் பட்டியை மாட்டினோம். கிளையில் மாட்டினால் அறுபடாத நாடா தூக்குக் கயிறு. பால்சோற்றை நிறுத்தி, வேகவைத்த மத்தியும் கோழி ஈரலும் பூனைத் தீவனமும் மாற்றி மாற்றி வைத்தோம். தட்டு வைக்கும் நேரத்தை அந்திக்கு மாற்றியதுதான் எல்லாவற்றிலும் எளிது, எல்லாவற்றிலும் பலனுள்ளது. எலியும் பறவையும் அதிகம் நடமாடும் அந்தியிலும் விடியலிலும் பூனை உள்ளே இருந்தால், வெளியின் ஆபத்தில் பெரும்பங்கு இரு தரப்புக்கும் குறைந்துவிடும். மீன் வாசனைக்கு அது தானாக வந்துவிடும். பின்னால் கதவைச் சாத்தினால் போதும்.

ஒரு மாதத்தில் பகல் அலைச்சலையும் சுருக்கினோம். பின்கட்டுத் தாழ்வாரத்துக்கு மேலிருந்து கீழ்வரை புறா வலை அடித்து, மூன்று உயரங்களில் பலகை வைத்து, ஒரு மூலையில் மண் தொட்டி. முதல் வாரம் பொட்டு வலையோரம் நின்று கத்தித் தீர்த்தது. உள்ளேயே பிறந்து வளர்ந்த குட்டிக்கு இந்த ஏக்கம் தெரியாது. ஊர் சுற்றிப் பழகியதற்குத் தெரியும். அம்மா பொறுக்க மாட்டாமல் இரண்டு முறை திறந்து விட்டாள் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம் அது மேல் பலகையில் படுத்து, கீழே போகும் ஓணானை மணிக்கணக்கில் பார்க்கத் தொடங்கியது. பதுங்குவது பாதி வேட்டை; அந்தப் பாதிக்கு வலை தடையில்லை.

மீதிப் பாதிக்கு ஈர்க்குச்சி. நுனியில் கோழி இறகைக் கட்டி, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தரையில் இழுத்து, திண்ணை விளிம்பில் மறைத்து, சட்டென்று மேலே தூக்கினால் பொட்டு ஆளுயரத்துக்கு எகிறும். ஆட்டத்தின் முடிவில் அதைப் பிடிக்க விட வேண்டும், பிடித்ததும் தட்டை வைக்க வேண்டும். வேட்டை, இரை, தூக்கம் என்ற பழைய வரிசை அப்போதுதான் நிறைவடையும். இந்த வேலையை நான் செய்வதாகத்தான் பேச்சு. இப்போது செய்வது அம்மா. "எனக்குல்ல மூச்சு வாங்குது" என்பாள், நிறுத்த மாட்டாள்.

கழற்றிய சலங்கை மணி சில நாள் பூஜை மாடத்தில் கிடந்தது. ஒரு நாள் பார்த்தால் அம்மா அதை ஈர்க்குச்சியின் நுனியில், இறகோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். மாலையில் ஒரு முறை ஆட்டினால் போதும். மாடிப்படியிலிருந்தாலும் அடுப்படியிலிருந்தாலும் பூனை ஓடி வருகிறது.